முதுகு காட்டும் காட்சிகள்

ஜூலை 27, ஞாயிறு

மருந்துக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாக மாவு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. "மனசுல இருக்கறதை எல்லாம் என் தலையிலயே கொட்டாதீங்க அத்தை, இதுல எழுதி வைங்க" என்று மருமகள் பிரேமா எடுத்துக் கொடுத்தாள். சரி, எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தப்பு இருந்தால் இருக்கட்டும். ஆனால் இந்த உலகம்மாளுக்கு மறதி என்பது கிடையாது. என் கல்யாணத்தில் எந்த நாத்தனார் எந்த நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இன்றைய சமாசாரம் இதுதான். தென்காசியிலிருந்து தம்பி சுப்பையா போன் செய்தான். ஆடி கழிந்து, ஆவணி பன்னிரண்டு, இங்கிலீஷ் தேதிக்கு ஆகஸ்ட் 28 வியாழக்கிழமை, என் பேத்தி சங்கரிக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை சுப்பையாவின் பேரன் பால்வண்ணன். முறை மாப்பிள்ளை. மஸ்கட்டில் நல்ல வேலை. என் மகன் சண்முகவேல் உயிரோடு இருந்தால் இதைத்தான் செய்திருப்பான்.

சங்கரியிடம் சொன்னேன். "சரி ஆச்சி" என்றாள். கத்தரிக்காய் வாங்குவதற்கே மூன்று கேள்வி கேட்கிறவள். உடனே சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

சங்கரிக்கு டப்பிங் வேலை. ஏழு வயதிலிருந்து செய்கிறாள். அப்போதெல்லாம் நான்தான் எட்வின் ஆட்டோவில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவேன். ஒரு பக்கம் இவள், இன்னொரு பக்கம் எதிர் வீட்டுக் குகன். பொம்மைப் படத்தில் இவள் முயல், அவன் கரடி. இந்தச் சாலிகிராமம் குடியிருப்பில் எங்கள் கதவுக்கும் அவர்கள் கதவுக்கும் நடுவில் மாடிப்படி ஒன்றுதான்.

சண்முகவேல் செத்ததோடு எல்லாம் போயிற்று. பதினோரு வருஷம் ஆகிறது. என் மகனைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறேன், குகனின் அம்மா தேவகி எட்டிப் பார்க்கவில்லை. பையன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறானாம், சாவு வீட்டுக்கு வரக் கூடாதாம். சரி, அது முறைதான். மலைக்குப் போய் மாலையைக் கழற்றின பிறகு வந்து துக்கம் கேட்க வேண்டாமா? வரவே இல்லை. அன்றோடு அந்த வீட்டுப் பேச்சு முடிந்தது.

இப்போது சங்கரி ஒரு சீன நாடகத்தைத் தமிழில் பேசுகிறாள். கதாநாயகிக்கு இவள் குரல். கதாநாயகனுக்கு யார் என்று கேட்டேன். குகன் என்றாள்.

காலையில் குளித்து வந்தவளைக் கூடத்தில் நிறுத்தினேன். "அப்பா படத்துல கை வச்சுச் சொல்லுட்டி. வேலைக்கு உண்டான பேச்சு தவிர அந்தப் பயகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொல்லு."

"ஏன் ஆச்சி?"

"பூ வைக்கப் போற பொண்ணு. அவ்வளவுதான்."

கை வைத்தாள். "வேலைக்கு உண்டான பேச்சு தவிர ஒரு வார்த்தை பேச மாட்டேன்." டயலாக்கைத் திருப்பிச் சொல்கிற மாதிரி, ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொன்னாள். பிரேமா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

சீன நாடகத்தை நானும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் டிவியில் நெட் வழியாக ஒரு பகுதி வருகிறது. 'நம் ஜன்னல் வெளிச்சம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெண் பெயர் மெய். பையன் பெயர் ஹாவ். சின்ன வயதிலிருந்து ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். அவளுக்கு ஒரு டாக்டரைப் பேசி முடிக்கிறார்கள். இவன் வாயைத் திறக்காமல் நூடுல்ஸ் தின்கிறான். தின்றுகொண்டே இருக்கிறான். இத்தனை நடக்கிறது, ஒரு சித்தப்பா பெரியப்பா வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்த ஊரில் சொந்தக்காரர்களே கிடையாது போல.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுதான் பேசுவீங்களோ?" என்று சங்கரியைக் கேட்டேன்.

"இல்ல ஆச்சி. அவன் காலையில பேசிட்டுப் போயிடுவான். நான் மதியம் போவேன். அவன் பேசினது ஹெட்போன்ல வரும், அதுக்கு நான் பதில் பேசணும். நேர்ல பாக்கறதே இல்ல. போதுமா?"

"அந்த மெய் திரும்பி நிக்கும்போது என்னவோ முணுமுணுத்தியே, அது என்னது?"

"அது நாங்களா போடறது. வாய் தெரிஞ்சா எழுதிக் குடுத்ததைத்தான் பேசணும். முதுகு தெரிஞ்சா என்ன வேணா போட்டு நிரப்பலாம். 'பாத்து வா', 'அட, விடு', இப்படி. சும்மா விட்டா சீன் செத்துப்போயிடும்."

இன்று பேசுவது நாலைந்து நாளில் டிவியில் வந்துவிடுமாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பனி கொட்டுகிறது. ஹாவும் மெய்யும் ஒரு குடைக்குள் நடந்து போகிறார்கள். நமக்கு முதுகுதான் தெரிகிறது. பாட்டு மெதுவாக ஓடுகிறது. அதற்குள்ளே ஹாவ் சொல்கிறான்: "எட்வின் அண்ணன் ஆட்டோல வாந்தி எடுத்தவதானே நீ?"

அந்த ஆட்டோவைக் கழுவிக் கொடுத்தவள் நான். சீனாவுக்கு எட்வின் எப்போது போனான்?

ஆகஸ்ட் 6, புதன்

மெய் துணி உலர்த்துகிறாள், முதுகு நமக்கு. "நீ வாங்கிக் குடுத்த கலர் சோடாவைக் குடிச்சுதான் வாந்தி" என்று முணுமுணுத்தாள். என் பேத்தி குரல்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரசத்தைப் பிசைந்து அமைதியாகச் சாப்பிட்டாள். கேட்டால் என்ன சொல்வாள்? வேலைக்கு உண்டான பேச்சு ஆச்சி என்பாள். சத்தியத்தை மீறவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. என் பேத்திதான்.

கேட்கவில்லை. எதுவரைக்கும் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. வற்றல் போட்டது வீண். இன்று இரண்டு பேரும் முகத்தைக் காட்டியே பேசினார்கள். ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேருந்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பின் பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள்.

ஹாவ்: "எப்போ?"

மெய்: "இருபத்தெட்டு."

ஹாவ்: "உனக்குப் பிடிச்சிருக்கா?"

அதற்குள் மெய் திரும்பிவிட்டாள். வாய் தெரிந்துவிட்டது. 'அடுத்த நிறுத்தத்தில் இறங்கணும்' என்று நாடகத்தில் உள்ளதைத்தான் பேச முடிந்தது.

பிபி மாத்திரையை மறந்துவிட்டேன் என்று பிரேமா சத்தம் போட்டாள். மறக்கவில்லை. எழுந்து போனால் அடுத்த முதுகு போய்விடும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மெய் பாத்திரம் கழுவுகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சங்கரி சொன்னாள்: "ஆச்சிக்குப் பிடிச்சிருக்கு."

இவ்வளவுதான். டிவியை அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றிவிட்டுக் கீழே மிட்டாய் கொடுத்தார்கள். தேவகியும் இருந்தாள். ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பினோம். தலை முழுக்க நரைத்துவிட்டாள். நரைக்கட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

மழையில் பேருந்து நிழற்குடை. ஹாவ் முதுகு காட்டி நிற்கிறான். வெகு நேரம் அப்படியே நிற்கிறான். குகன் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "அம்மா வந்தாங்க. மூணு தடவை வந்தாங்க. கதவைத் திறக்கல. வாசல்ல உக்காந்து அழுதுட்டுத் திரும்பி வந்தாங்க. உனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்."

சீனாக்காரர்கள் வீட்டுக்கும் கதவு இருக்கும். எந்த அம்மாவோ, எந்தக் கதவோ.

பிரேமா பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "உண்மைதானே அத்தை. நான்தான் திறக்கப் போனேன். நீங்க தாழ்ப்பாள்ல கைய வச்சுக்கிட்டு நின்னீங்க."

"நான் எப்போ நின்னேன்?"

"மூணு தடவையும்."

எனக்கு மறதி கிடையாது. அப்படி ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அவங்க வீட்டுக்காரர் செத்தப்போ நாம போனோமா?" என்று அடுத்ததை எடுத்தாள்.

"கொரோனா நேரம். யாரு யாரு வீட்டுக்குப் போனா?"

"கொரோனா போய் எவ்வளவு நாளாச்சு அத்தை?"

பீன்ஸைப் பொடியாக நறுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சங்கரி தலை பின்னிக்கொண்டே கேட்டாள். "அந்த நாடகத்தை இன்னும் பாக்கறியா ஆச்சி?"

"கண்ணு எரியுது. விட்டுட்டேன்."

கண்ணாடியில் என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். யார் முதலில் திரும்பினது என்று எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று ஹாவ் வேறு ஊருக்கு வேலைக்குப் போகப் பெட்டி கட்டுகிறான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் குனிந்திருக்கிறான், முகம் தெரியவில்லை. குகன் சொன்னது: "ஹைதராபாத்ல கூப்பிட்டிருக்காங்க. அடுத்த மாசம் போறேன். நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போகல. கடைசிப் பகுதி இருக்கு. அதுல சொல்லு."

கடைசிப் பகுதி சனிக்கிழமை. இவள் பேசி முடித்தே இரண்டு நாள் ஆகியிருக்கும். பேசினதை இனிமேல் மாற்ற முடியாது. என்ன சொல்லியிருக்கிறாள் என்று சங்கரிக்குத் தெரியும். குகனுக்குத் தெரியுமா? அவன் காலையில் பேசிவிட்டுப் போகிறவன். அவனும் சனிக்கிழமை டிவியில்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு மாடிப்படி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சுப்பையா போன். பூ வைக்கிற புடவை அரக்கா பச்சையா என்று கேட்டான். பிறகு சொன்னான்: "அக்கா, கல்யாணத்துக்கப்புறம் இந்த வாய் பேசற வேலை வேண்டாம். ஸ்டூடியோ, ஆம்பளைப் பயலுவ, அதெல்லாம் நமக்குச் சரிப்படாது. பையன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏலே, அது அவ தொழிலுல்லா. இருபது வருஷமாப் பேசறா."

"பேசினது போதும். மஸ்கட்டுல போய் யாருகிட்டப் பேசப் போறா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சங்கரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். "அரக்கு" என்றாள், யாரும் அவளிடம் கேட்காமலே.

ஆகஸ்ட் 23, சனி

நாடகம் முடிந்தது.

ரயில் நிலையம். மெய் ஓடி வந்து ஹாவைக் கட்டிப்பிடிக்கிறாள். முகம் அவன் தோளில் புதைந்திருக்கிறது. வாய் தெரியவில்லை. கேமரா சுற்றிச் சுற்றி வருகிறது, அவள் முகம் மட்டும் தெரியவே இல்லை. ஒரு முழு வாக்கியம் பேசலாம். இரண்டு பேசலாம். நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். எதிர் வீட்டிலும் அதே சத்தம் ஓடுவது கதவு வழியாகக் கேட்டது.

சங்கரி ஒன்றும் பேசவில்லை.

மூச்சு மட்டும் வந்தது. உள்ளே இழுத்து, வெளியே விடாமல் பிடித்து, கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட மூச்சு. மற்றவர்கள் நல்ல நடிப்பு என்பார்கள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். சண்முகவேலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினபோது, பதினாறு வயதுப் பெண், ஃபிரிட்ஜ் பக்கத்தில் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு இப்படித்தான் மூச்சு விட்டாள். அதற்கப்புறம் இன்றுதான் கேட்கிறேன்.

பிறகு நாடகத்தில் அவர்கள் முகத்துக்கு முகம் நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்கள். அது எழுதிக் கொடுத்தது.

எதிர் வீட்டில் டிவி நின்றது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எதிர் வீட்டில் பெட்டி இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. பரணிலிருந்து எடுத்திருப்பார்கள். சங்கரி தலைவலி என்று படுத்திருக்கிறாள். பிரேமா என்னைக் கேட்காமல் என் தட்டை எடுத்துப் போனாள், சோறு அப்படியே இருந்தது.

வீட்டில் நான் சொன்னதுதான் நடக்கும். இதுவரை அதில் எனக்குப் பெருமை.

துக்கம் கேட்காத வீட்டோடு நல்லது பேச முடியாது. அவர்கள் எங்களைக் கேட்க வேண்டும், நாங்கள் அவர்களைக் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்கப் போகக் கூடாது. புதன் பிள்ளையார் சதுர்த்தி. வியாழன் தென்காசிக்காரர்கள் வந்துவிடுவார்கள். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. விளக்கு வைப்பதற்கு முன்னால்.

சும்மா கணக்குப் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் திருநீறு பூசவில்லை, பவுடர் போடவில்லை. பழைய வெள்ளைப் புடவை. பிரேமா பார்த்துவிட்டு, "எங்க அத்தை?" என்றாள். சொல்லிக்கொண்டு போகிற இடம் இல்லை அது.

எதிர் வீட்டு மணியை அழுத்தினேன்.

தேவகிதான் திறந்தாள். என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் 'வாங்க' என்று சொல்லிவிட்டால் போயிற்று. அது சாதாரணமாக வருகிறவர்களுக்குச் சொல்வது. துக்கம் கேட்க வந்தவளை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். சொல்லிவிட்டால் நான் திரும்பத்தான் வேண்டும். பழி தீர்க்க அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். உதடு பிரிந்தது. என் புடவையைப் பார்த்தாள், வெறும் நெற்றியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வழிவிட்டாள்.

சுவரில் அவள் புருஷன் படம். பரமசிவம் நல்ல மனுஷன், என் மகனோடு கீழே நின்று பேப்பர் படிப்பார். தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஐந்து வருஷம் கழித்து அழுகை எங்கிருந்து வரும் என்று நினைத்தேன்.

"உன் புருஷனைக் கொண்டுபோக வாசல்ல வண்டி வந்து நின்னுச்சே தாயி" என்றேன். "ஜன்னல் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஒரு கதவு திறக்கலியே நான்."

கொரோனாவைப் பற்றித்தான் சொன்னேன்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் யார் எதற்கு அழுதோம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உள் அறை வாசலில் குகன் வந்து நின்றான். பெட்டி பாதி கட்டியிருந்தது தெரிந்தது.

எழுந்தேன். போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் வந்தேன்.

இனி அவள் வர வேண்டும். வா என்று கூப்பிடக் கூடாது. எங்கள் கதவைத் திறந்து வைத்தேன். காற்றுக்கு. மதியம் ஆயிற்று. வரவில்லை. மூன்று மணிக்குப் பால்காரன் வந்தான். நாலரைக்குக் கூரியர்காரன் ஒருத்தன் உள்ளே எட்டிப் பார்த்தான், அவனை அடிக்காத குறை. கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெயில் படியிறங்குவதைப் பார்த்திருந்தேன். மூன்று தடவை வந்து திரும்பினவள் நாலாவது தடவை எதற்கு வருவாள்? நானாக இருந்தால் வர மாட்டேன்.

"விளக்கேத்தட்டுமா அத்தை?" என்றாள் பிரேமா, தீப்பெட்டியோடு.

"இரு."

"இருட்டிடுச்சே."

"இருன்னு சொன்னேன்லா."

தேவகி தலையை முடியாமல் வந்தாள். நேராகச் சண்முகவேல் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். பிரேமா தீப்பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பதினோரு வருஷத்துக் கடனை இரண்டு பேரும் அழுது தீர்த்தார்கள்.

சங்கரி வேலை முடிந்து வந்து செருப்போடு வாசலில் நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சுப்பையாவுக்கு நானே போன் செய்தேன். பேத்திக்குத் தோதுப்படவில்லை, அவள் மனசு எதிர் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன்.

"தோதுப்படலையா? ஊர் பூரா சொல்லியாச்சு. வேன் பேசியாச்சு. பையன் மஸ்கட்டுலேருந்து ஏறிட்டான். எதிர் வீட்டுப் பயதானே? அவங்க யாரு, நாம யாரு? நம்ம ஆளுவளா அவங்க?"

"இல்லலே. நம்ம ஆளுவ இல்ல. எதுத்த வீட்டுக்காரங்க."

"இனிமே என் வீட்டு நல்லது கெட்டது எதுக்கும் நீ வரக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது."

"அதை நீ சொல்ல முடியாதுலே சுப்பையா. வருவேன். பூட்டி வச்சாலும் வாசல்ல உக்காந்து அழுதுட்டுதான் போவேன்."

வைத்துவிட்டான். என் சின்னத் தம்பி. இடுப்பில் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். பால்வண்ணன் பாவம், அவன் என்ன செய்தான். அதையும் எழுதிவைக்கிறேன்.

சங்கரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "ஆச்சி, நான் உன்னை எதுவும் கேக்கலியே" என்றாள்.

"நீ கேக்கல. அதான் கோவம். முழுசா ஒரு நிமிஷம் முகம் தெரியாம இருந்துச்சு. ஒரு வார்த்தை போட முடியலையா உனக்கு? இருபது வருஷம் என்னத்தட்டி வேலை படிச்சே?"

முகம் வெளுத்துப்போயிற்று. "நீ கண்ணு எரியுதுன்னு சொன்னியே!"

"காது எரியலையே." படத்தைக் காட்டினேன். "சத்தியம் என்கிட்டப் பண்ணினது. நான் விட்டுட்டேன். போ. பேசு. அவன் பெட்டியைக் கட்டி முடிச்சிரப் போறான்."

நேரே நாலு எட்டு வைத்தால் எதிர் வீடு. இவள் போனை எடுத்து நம்பர் போடுகிறாள். அந்தப் பக்கம் மணி அடிப்பது மாடிப்படியைத் தாண்டி எங்களுக்கே கேட்டது. எடுத்தான். இவள் வாயைத் திறந்தாள், மூடினாள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

"சாப்பிட்டியா?" என்றாள் கடைசியில்.

"இல்ல" என்று போனுக்குள்ளேயும் எதிர் வீட்டுக்குள்ளேயும் ஒரே நேரத்தில் கேட்டது.

இதைக் கேட்பதற்கா என்னை இந்தப் பாடு படுத்தினார்கள்.

அடுப்படியில் பிரேமா இட்லித் தட்டில் இன்னும் ஒரு ஈடு ஊற்றினாள். நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.